வீட்டில் ஃபோனிக்ஸ் முறையில் ஆங்கிலம் வாசிக்கக் கற்பிப்பது: தமிழ்க் குழந்தைக்கு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அல்சூர் அம்மா

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பெங்களூரில், அல்சூர் பகுதியில் வசிக்கிறோம். வீட்டில் பேசுவது தமிழ். ஐந்து வயது கடந்த மகள் யூகேஜி படிக்கிறாள். அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். ஆங்கில எழுத்துகளின் பெயர்களை ஏ முதல் இசட் வரை தடையின்றிச் சொல்கிறாள். "சி ஏ டி, கேட்; கேட் என்றால் பூனை" என்று வகுப்பில் ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததை வீட்டிலும் பாடிக்கொண்டே திரிகிறாள். ஆனால் பாடப்புத்தகத்தில் பூனைப் படத்தைக் கையால் மறைத்துவிட்டு அந்தச் சொல்லை மட்டும் காட்டினால், முதல் எழுத்தைப் பார்க்கிறாள், என் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு "கேமல்?" என்கிறாள். அவள் செய்வது வாசிப்பு அல்ல, மனப்பாடமும் ஊகமும் கலந்த ஒன்று என்றே எனக்குப் படுகிறது. வகுப்பாசிரியையிடம் கேட்டபோது, வயது ஏற ஏற எல்லாம் தானாக வந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்துச் சொல்லை வாசிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸ் முறையை வீட்டிலேயே ஒழுங்காகத் தொடங்குவது என்று கணவரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு வரிசை, ஆளுக்கொரு உச்சரிப்பு, தலை சுற்றுகிறது. எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியை மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? பெரியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வோர் ஆங்கில எழுத்தின் கீழும் அதன் ஒலியைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கலாமா? முதலில் அ, ஆ எழுதப் பழக்குங்கள், ஆங்கிலம் எங்கே ஓடிவிடப் போகிறது என்கிறார் என் மாமியார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஜெயநகர் ஆசிரியை

வணக்கம். வாசிப்பில் தடுமாறும் குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கும் சிறப்புக் கல்வியாளர் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகளிடம் குறை ஏதுமில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் சரியாகவே செய்கிறாள். சீ, ஏ, டீ ஆகிய மூன்று பெயர்களையும் எவ்வளவு விரைவாகச் சேர்த்துச் சொன்னாலும் 'சீயேட்டீ' என்றுதான் வருமே தவிர, பூனை வராது. எச், டபிள்யூ போன்ற எழுத்துகளின் பெயரில் அவற்றின் ஒலியே கிடையாது. அதற்காகப் பெயர்களை மறக்கச் செய்ய வேண்டியதில்லை. வாசிக்க உட்காரும் வேளையில் மட்டும் "இது என்ன எழுத்து?" என்று கேட்காமல் "இது என்ன ஒலி தரும்?" என்று கேட்டுப் பழகுங்கள்.

தானாக வந்துவிடும் என்று சொல்வதில் ஒரு பாதி உண்மை உண்டு. சில குழந்தைகள் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைத் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள். எந்தக் குழந்தை அப்படிப் பிடிக்கும், எது பிடிக்காது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் வெளியிட்ட அறிக்கையும், இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் 2006-இல் அளித்த அறிக்கையும் ஒலிகளை முறையாக, வரிசைப்படி கற்பிப்பதையே வலியுறுத்தின. 'முறையாக' என்ற சொல்லை இங்கே அழுத்திப் படிக்க வேண்டும். எந்த ஒலி முன்னால், எது பின்னால் என்று வகுத்துக்கொண்டு தொடங்குவதும், இன்னும் கற்பிக்காத எழுத்து உள்ள சொல்லை வாசிக்கச் சொல்லிக் குழந்தையிடம் நீட்டாமல் இருப்பதுமே அதன் பொருள். சுவரில் வண்ணப் படம் ஒட்டி, 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று 26 எழுத்தையும் ஒரு மாதத்தில் முடிப்பதற்கு ஃபோனிக்ஸ் என்று பெயர் வைத்திருக்கும் வகுப்புகள் இந்த ஊரில் ஏராளம்.

எழுத்தைக் காட்டுவதற்கு முன் காதைப் பழக்குங்கள். வீட்டில் பல்லாங்குழிச் சோழி இருந்தால் மூன்றை எடுத்து வரிசையாக வையுங்கள், புளியங்கொட்டையும் போதும். "பல்" என்று சொல்லி, கேட்கும் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு சோழியை முன்னே தள்ளச் சொல்லுங்கள். அவள் அநேகமாக இரண்டைத்தான் தள்ளுவாள்: ப, ல். நம் குழந்தைகளின் காது உயிர்மெய்யை ஒரே துண்டாகக் கேட்டுப் பழகியது. "ப்... அ... ல்" என்று மெல்ல இழுத்துச் சொல்லி மூன்றாவது சோழியை நகர்த்திக் காட்டுங்கள். பிறகு முதல் சோழியை எடுத்துவிட்டு, "இங்கே ப்-க்குப் பதிலாக க் வந்தால்?" என்று கேளுங்கள். 'கல்' என்று அவள் சொல்லும் நாளில் வேலை பாதி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளரின் வழி வந்த பயிற்சி இது; அவர் கட்டமும் வில்லையும் வைத்துச் செய்ததை நாம் சோழியை வைத்துச் செய்கிறோம். முதலில் அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களிலேயே இதைச் செய்வதால் பொருளைத் தேடும் சுமை குறைகிறது.

அடுத்து உச்சரிப்பு. இணையக் காணொளிகளில் பலர் 'ம', 'ட', 'ப' என்று அகரத்தைக் கலந்தே ஒலிக்கிறார்கள். வேண்டியது மெய்யொலி மட்டும், அதாவது புள்ளி வைத்த ம், ட், ப். ம் + அ = ம என்று படித்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை; ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது என்ற கருத்தே நம் அரிச்சுவடியில் இருக்கிறது. ஆனால் 'இக், இங், இச்' என்று முன்னால் இகரம் கூட்டிச் சொல்லும் பள்ளிக்கூடப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

தமிழில் எழுதி ஒட்டும் யோசனையைக் கைவிடுங்கள். பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் வாயிற்கதவைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டும் 'கேட்' என்றே நிற்கும். முதலெழுத்தின் வேறுபாடும் நடு உயிரின் வேறுபாடும் ஒருசேர மறைந்துவிடுகின்றன. பூனையில் உள்ள உயிர், ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடையில் வாயை அகலத் திறந்து குறுக்கிச் சொல்லும் ஒலி. அதற்குத் தமிழில் எழுத்து இல்லை. ஆங்கிலத்தில் ஏறத்தாழ 44 ஒலிகள் உண்டு. அவற்றை ஆங்கில எழுத்தோடு நேரடியாகவே காதில் ஏற்றிவிடுவது நல்லது.

வரிசைக்கு எந்த நல்ல திட்டத்தையும் பின்பற்றலாம். 1992-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஜாலி ஃபோனிக்ஸ் 42 ஒலிகளை ஏழு தொகுதிகளாகப் பிரித்து, எஸ், ஏ, டீ, ஐ, பி, என் என்ற ஆறில் தொடங்குகிறது. அகரவரிசையில் போகாமல் இந்த ஆறை எடுத்ததற்குக் காரணம், இவற்றைக் கொண்டே பின், டின், குழாயைக் குறிக்கும் டேப், கிள்ளுவதைக் குறிக்கும் நிப் என்று உடனடியாகச் சொற்களைக் கட்டலாம் என்பதுதான். நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைப்பதால் பயனில்லை. தி, வாஸ், 'சொன்னான்' என்று பொருள்படும் செட் போன்ற வழக்கத்துக்கு மாறான சொற்களை ஒன்றிரண்டாகச் சேர்த்துக்கொண்டு போகலாம்; அவற்றிலும் எந்த எழுத்து மட்டும் முரண்டு பிடிக்கிறது என்று காட்டிவிடுங்கள்.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை, இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளியில் ஆங்கிலம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் அதை முதலில் சீர்ப்படுத்திவிட்டு, குழந்தை மூன்றொலிச் சொற்களைத் தடுமாறாமல் வாசிக்கத் தொடங்கியதும் தமிழுக்கு வரலாம்.

பதில்: வைட்ஃபீல்டு வாசகன்

ஆசிரியை அம்மாவின் விளக்கத்தில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன்; கடைசிப் பத்தியில் மட்டும் மாறுபடுகிறேன். ஒலிகளைச் சேர்த்தால் சொல் கிடைக்கும் என்ற நம்பிக்கை முதலில் வர வேண்டும் என்றால், எழுத்து தன் ஒலியை மாற்றாமல் வைத்திருக்கும் மொழியில் தொடங்குவதே அறிவுடைமை. தமிழில் 'ம' எங்கே நின்றாலும் ம-தான். ஆங்கிலத்திலோ 'ஏ' என்ற ஓர் எழுத்து பூனையில் ஓர் ஒலி, தந்தையில் வேறோர் ஒலி, மேசையில் இன்னோர் ஒலி என்று சட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் மகனுக்குத் தமிழில்தான் தொடங்கினோம். அகரவரிசையில் போகாமல் ப, ட, ம என்ற மூன்றையும் புள்ளியையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். படம், மடம், பட்டம், மட்டம் என்று அன்றைக்கே நான்கு சொற்கள் கிடைத்தன. கதவில் சாக்குக் கட்டியால் 'பட்டம்' என்று எழுதிவிட்டு, புள்ளியை அழித்துவிட்டு வாசிக்கச் சொன்னால் 'படடம்' என்று படித்துவிட்டுச் சிரிப்பான். புள்ளிக்கு என்ன வேலை என்பதை அந்தச் சிரிப்பே கற்றுக்கொடுத்துவிட்டது.

247 என்ற எண்ணைக் கண்டு யாரும் மிரள வேண்டாம். உயிர் 12, மெய் 18, அகரம் நீங்கலாக மற்ற உயிர்களுக்கு உரிய குறிகள் என்று பிரித்துக்கொண்டால் மனத்தில் ஏற்ற வேண்டியவை மிகக் குறைவு. உண்மையில் கடினமான இடங்கள் இரண்டுதான். கு, சு, டு, நு என்று உகர வரிசை எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது; அதைத் தனியாகத்தான் பழக்க வேண்டும். மற்றொன்று கொம்பு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் க் முதலில் ஒலிக்கிறது. இடமிருந்து வலமாக ஒலியைச் சேர்த்துப் பழகிய குழந்தைக்கு இது குழப்பம் தரும். ஆகவே ஆகார, இகர வரிசைகளை முடித்துவிட்டுக் கொம்புக்கு வருவது நல்லது. இன்னொன்று: பாட்டிமார் எழுதிக்காட்டும்போது 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போன்ற பழைய 'லை', 'னை' வடிவங்கள் வந்துவிடுகின்றனவா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் வந்தன.

மறுமொழி: அல்சூர் அம்மா

இருவருக்கும் நன்றி. ஆசிரியை சொன்ன ஆறு எழுத்துகளோடு தொடங்கிவிட்டோம். தட்டில் அரிசியைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுகிறாள். விஜயதசமியன்று செய்ததுதான் என்பதால் மாமியாருக்கும் மகிழ்ச்சி. சோழி விளையாட்டில் 'பல்', 'கல்', 'மண்' எல்லாம் பிசகின்றி வருகின்றன.

இரண்டு இடங்களில் சிக்கிக்கொண்டோம். எஸ், ஏ, டீ என்ற மூன்றையும் காட்டினால் தனித்தனி ஒலிகளைச் சரியாகச் சொல்கிறாள். சேர்க்கச் சொன்னால் கடைசியில் கேட்ட ஒலியிலிருந்து தொடங்கி 'டேஸ்' என்கிறாள். சரியாகச் சேர்க்கும் சொற்களிலும் 'டேப்பு', 'நிப்பு' என்று கடைசியில் உகரம் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவதைச் சிக்கல் என்று சொல்ல முடியாது: வாணலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தானாகவே எழுத்துக்கூட்டி 'பேன்' என்று வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகாட்டினாள். வாசித்தது சரி, பொருள் வேறு. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: ஜெயநகர் ஆசிரியை

பேன் கதையைப் படித்துவிட்டு வகுப்பறையில் தனியாகச் சிரித்தேன். அது நல்ல அறிகுறி. எழுத்தைச் சொல்லாக்கி, அந்தச் சொல்லைத் தனக்குத் தெரிந்தவற்றுள் தேடியிருக்கிறாள். தெரிந்தது தமிழ்ச் சொல்லாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் வாசித்துப் புரிந்துகொள்ளும் ஆற்றலை எழுத்தைச் சொல்லாக்கும் திறன், மொழியறிவு ஆகிய இரண்டின் பெருக்கற்பலனாக விளக்கினார்கள். பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று சுழியானாலும் விடை சுழிதான். ஆகவே அன்றன்று வாசிக்கப்போகும் சொற்களைப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே பேச்சில் கொண்டுவாருங்கள். அடுப்படியில் வாணலியைக் காட்டி ஆங்கிலப் பெயரைச் சொன்ன பிறகு அதே சொல்லை வாசிக்கக் கொடுங்கள்.

'டேஸ்' என்று வருவதற்குக் காரணம், ஒலிகளுக்கு நடுவில் விடும் இடைவெளி. மூன்றாவதைச் சொல்லும்போது முதலாவது நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. இடைவெளியே விடாதீர்கள். ஸ், ம், ந், ஃப், ல் போன்றவை மூச்சு உள்ளவரை நீட்டக்கூடிய ஒலிகள். ப், ட், க் அப்படி நீளா. ஆகவே நீளும் ஒலியில் தொடங்கும் சொற்களை முதலில் கொடுத்து, "ஸ்ஸ்ஸ்" என்று இழுத்தபடியே விரலை அடுத்த எழுத்துக்கு நகர்த்தி, மூச்சை நிறுத்தாமல் உயிருக்குள் நுழைந்து, கடைசியில் ட் என்று மூடச் சொல்லுங்கள். அது கைவந்த பிறகு ப், ட் முதலில் வரும் சொற்களுக்குப் போகலாம்.

உகரம் ஒட்டுவது நம் மொழியின் இயல்பு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை; அதனால்தான் நம் வாயில் கப் கப்பு ஆகிறது, பஸ் பஸ்ஸு ஆகிறது. பேச்சில் அதைத் திருத்திக்கொண்டே இருந்தால் குழந்தை வாய் திறக்கவே தயங்கும். எழுதும்போது மட்டும் கவனியுங்கள்: 'டேப்பு' என்று கேட்பவள் மூன்று சோழிக்குப் பதில் நான்கைத் தள்ளி, கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதுவாள். சோழிகளை அவளையே எண்ணச் சொன்னால் சரியாகிவிடும்.

வைட்ஃபீல்டு நண்பருக்கு: தமிழ் எழுத்து ஒழுங்கானது என்பதில் எனக்கும் ஐயமில்லை, ப, ட, ம வரிசையை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் க, ச, ட, த, ப என்ற எழுத்துகள் சங்கம், பந்தம், மகன் என்று இடத்துக்கு ஏற்ப மெலிந்து ஒலிப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தமிழ் பேசும் குழந்தை அதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் என்பதால் அதுகூடப் பெரிய தடை அல்ல. என் தயக்கத்துக்குக் காரணம் வேறு. நாம் வீட்டில் "அவன் வந்துட்டிருக்கான்" என்கிறோம். புத்தகம் "அவன் வந்துகொண்டிருக்கிறான்" என்கிறது. பிழையின்றி எழுத்துக்கூட்டியும், கிடைத்த சொல் தனக்குத் தெரிந்த சொல்லாக இல்லாததால் விழிக்கும் தமிழ்க் குழந்தைகளை, அதிலும் தமிழை வீட்டுக்கு வெளியே கேட்க வாய்ப்பில்லாத பெங்களூர்க் குழந்தைகளை, நான் அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான், தமிழ் எழுத்தைத் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே எழுத்துத்தமிழை உரக்க வாசித்துக் காட்டிக் குழந்தையின் காதுக்குப் பழக்கிவிடுங்கள் என்கிறேன். சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அல்சூர் ஏரிக்கு அருகிலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருப்பதால் கேள்வி கேட்ட அம்மாவின் குடும்பத்துக்கு அங்கே ஒரு நடை போய்வருவதும் எளிது.

பதில்: ராஜாஜிநகர் அப்பா

வாசிப்பில் குறைபாடு உள்ள மகனை வளர்ப்பவன் என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இந்தப் பயிற்சிகளை ஒழுங்காகப் பல மாதங்கள் செய்த பிறகும் குழந்தைக்கு ஒலியைப் பிரிப்பதும் சேர்ப்பதும் வசப்படவில்லை என்றால், முதலில் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். சளியால் காது அடிக்கடி அடைத்துக்கொள்ளும் குழந்தைக்கு ப், ட் போன்ற ஒலிகள் தெளிவாகக் கேட்பதில்லை. இரண்டும் நன்றாக இருந்தும் தடுமாற்றம் தொடர்ந்தால் பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் மதிப்பீடு செய்துகொள்ளலாம். ஐந்து வயதில் யாரும் முத்திரை குத்த மாட்டார்கள், குத்தவும் கூடாது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய டாலி என்ற மதிப்பீட்டுக் கருவி இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வந்ததால், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு முடிவு சொல்லும் நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருப்பதையும் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவின் மகளுக்கு இவை எதுவும் தேவைப்படாது என்றே தோன்றுகிறது; பின்னாளில் இந்தப் பக்கத்தைத் தேடி வருபவர்களுக்காக எழுதினேன்.

மறுமொழி: அல்சூர் அம்மா

மூச்சை நிறுத்தாமல் இழுக்கும் வழி உடனே பலன் தந்தது. முதல் தொகுதி முடிந்துவிட்டதா, அடுத்ததற்குப் போகலாமா என்பதை எப்படி அறிவது? அடுத்த தொகுதிகளில் பி என்ற பெயரிலேயே இன்னோர் எழுத்து வருகிறதே, பந்துக்கும் மட்டைக்கும் முதலில் வருவது. தமிழ் வாய்க்கு அந்த இரண்டும் ஒன்றுபோலவே வருகின்றன.

பதில்: ஜெயநகர் ஆசிரியை

பொருளற்ற சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு நடத்தும் ஒலிச் சோதனையில் உள்ள 40 சொற்களில் பாதி அகராதியில் இல்லாதவை. பக்கத்தில் ஒரு வினோத உயிரினத்தின் படம் போட்டு, இது அதன் பெயர் என்று சொல்லிவிடுவார்கள். மனப்பாடத்துக்கும் ஊகத்துக்கும் அங்கே இடமில்லை. அந்த ஆறு எழுத்துகளைக் கலைத்துப் போட்டு நீங்களே சில பெயர்களை உருவாக்குங்கள். தயங்காமல் வாசித்தால் அடுத்த தொகுதிக்குப் போகலாம்.

நீங்கள் கேட்ட அந்த எழுத்து ஜாலி ஃபோனிக்ஸில் மூன்றாம் தொகுதியில்தான் வருகிறது. அதற்குக் கண்ணாடிப் பிம்பம் போல் இருக்கும் டி, அதாவது நாயைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து, இரண்டாம் தொகுதியில் வந்துவிடும். இரண்டையும் ஒருங்கே காட்டாமல் ஒன்று ஊறிய பிறகு மற்றதைக் காட்டுவதற்காகவே இந்த இடைவெளி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி வேறுபாட்டுக்குக் கன்னடம் உங்களுக்குத் துணை. பக்கத்து வீட்டார் உங்கள் மகளை 'வா' என்று கன்னடத்தில் அழைக்கும்போது சொல்லும் 'பா'வையும், நாம் 'பாட்டி' என்று சொல்லும்போது வரும் 'பா'வையும் அடுத்தடுத்துச் சொல்லச் சொல்லி, தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கச் செய்யுங்கள். முதலாவதில் வாய் திறப்பதற்கு முன்பே அதிர்வு தெரியும், இரண்டாவதில் தெரியாது. அதிர்வதற்கு ஒரு தட்டு, அதிராததற்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டு, நீங்கள் சொல்லும் சொல்லுக்கு ஏற்ற தட்டில் சோழியைப் போடச் சொல்லுங்கள். காது பிரித்தறியத் தொடங்கிய பிறகு எழுத்தைக் காட்டினால் போதும்.